மஞ்சள் விளிம்பு வண்டு

“அசிட்டோன் இல்லாததுதானே?” என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டு, பாட்டிலின் மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறான் கிளாட்சன். நன்னிலம் கடைத்தெருவில் அஸார் நடத்தும் ஃபேன்ஸி ஸ்டோர் அது. வளையல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள், நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரை இத்தனை பக்தியோடு மோந்து பார்க்கும் ஆம்பிளையை ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள். பிறகு அவன் விரல்களைப் பார்க்கிறார்கள். நகத்தில் சேறுதான் இருக்கிறது.

“மாப்ள, இந்தத் தாலுக்காவுல ஒன் அளவுக்கு நெயில் பாலிஷ் அழிச்ச பொண்ணே கெடையாது,” என்கிறான் அஸார். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்பதால் எதையும் சொல்லும் உரிமை அவனுக்கு உண்டு. “எத்தனை பாட்டில்?”

“இப்போதைக்கு ரெண்டு.”

கிளாட்சனுக்கு வயது இருபத்தொன்பது. அவனையே கேட்டால் “இப்போதைக்கு இருபத்தொன்பது” என்பான். மணி கேட்டால் “இப்போதைக்கு நாலரை”. பேருந்து வருமா என்று கேட்ட பெரியவரிடம், “இப்போதைக்கு வரும்னுதான் தெரியுது” என்று சொல்லி வசவு வாங்கியிருக்கிறான். பூச்சிகளுக்குப் பெயர் தேடும் படிப்பு படித்தவர்களுக்கு இப்படியொரு வியாதி வரும். இவனுக்கு அது முற்றியதற்குக் காரணம் நாலரை மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு வண்டு.

தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் நீர்வண்டுகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறான். வயலிலும் வாய்க்காலிலும் முங்கி முங்கி நீந்தும் சின்ன வண்டுகள். பிடித்ததை உருக்குலையாமல் கொல்ல ஒரு திரவம் வேண்டும். கல்லூரி வழியாக எழுதிப் போட்டால் அது வந்து சேர ஒரு போகம் ஆகிவிடும். அதே சரக்கு நகப்பூச்சு அழிக்கும் பாட்டிலில் இருக்கிறது என்று கண்டுபிடித்தது தன் ஆராய்ச்சி வாழ்க்கையின் முதல் சாதனை என்று சொல்லிக்கொள்வான். “அதோட நிறுத்தியிருக்கலாம்” என்றும் சேர்த்துக்கொள்வான்.

வலைக்குப் பதிலாக மூங்கில் குச்சியில் கட்டிய டீ வடிகட்டி. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் நான்கு கண்ணாடிக் குப்பிகள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஜெபமாலையும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஒன்றாகத் தொங்கும். குனிந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடும். மடையருகே பைக்கை நிறுத்திவிட்டுக் குப்புறப் படுத்துத் தண்ணீரைப் பார்ப்பான். போகிறவர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். “என்ன கிளாட்சா, ஏதாச்சும் மாட்டுச்சா?” என்று கேட்டால், “மாட்டிக்கிட்டது நான்தான்” என்பான்.

அப்பா மரியஅந்தோணி அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர். தை பிறந்தால் வீட்டில் இருக்க மாட்டார். எந்த மாவட்டத்தில் கதிர் முற்றியிருக்கிறதோ அங்கே இருப்பார். அம்மா செபஸ்தியம்மாள் நடவுக்குப் போகிறவள். வீட்டு நடுச்சுவரில் மாதா படத்துக்குக் கீழே, ஒரு காகிதம் பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. தாசில்தார் கையெழுத்துப் போட்ட முதல் பட்டதாரிச் சான்றிதழ். இந்தக் குடும்பத்தில் இவனுக்கு முன்னால் யாரும் பட்டம் வாங்கியதில்லை என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்தது. “முதல்னுதான் போட்டிருக்காங்க, புத்திசாலின்னு எங்கயும் போடல. நானும் பூதக்கண்ணாடி வச்சுத் தேடிப் பாத்துட்டேன்,” என்பான் கிளாட்சன்.

முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆகஸ்ட் மூன்றாம் தேதி சாயங்காலம், ஊர்ப் படித்துறைக்குக் கீழே வடிகட்டியை விட்டு அலசினான். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. மூன்று வண்டுகள் கிடைத்தன, எல்லாம் ஆண். உடம்பு பழுப்பு. ஆனால் இறக்கை மூடியின் ஓரம் முழுக்க, ஜரிகை வைத்துத் தைத்ததுபோல, மெல்லிய மஞ்சள் கோடு. அந்தக் குலத்தில் அப்படியொரு மஞ்சள் ஓரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அன்று ஆடிப் பதினெட்டு. காலையிலிருந்து மத்தியானம் வரை ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் அந்தப் படித்துறையில்தான் இருந்தார்கள். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்துக் கும்பிட்டு, மஞ்சள் கயிறு கட்டி, பழைய கயிற்றையும் பூவையும் காதோலை கருகமணியையும் தண்ணீரில் விட்டு, மிச்ச மஞ்சளைக் கரைத்து முகம் கழுவிவிட்டுப் போனார்கள். இது கிளாட்சனுக்குத் தெரியாதா? தெரியும். அவன் வீட்டுக்கே பக்கத்து வீட்டு ஈஸ்வரி அக்கா சித்ரான்னம் கொண்டுவந்து கொடுத்தாள். அதைத் தின்றுவிட்டுத்தான் வடிகட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஆனால் ஆய்வுக் குறிப்பேட்டில் ஆடி, பதினெட்டு என்றெல்லாம் எழுதக் கூடாது. அங்கே அது எட்டாம் மாதம், மூன்றாம் நாள். வண்டு கிடைத்த இடத்தைப் பற்றி அவன் எழுதியதை இப்போதும் வரி பிசகாமல் ஒப்பிப்பான்: “மெதுவாக ஓடும் நீரில், அழுகும் தாவரப் பொருள்களிடையே வாழ்கிறது.” அந்தத் தாவரப் பொருள்கள் என்பவை இரண்டு முழம் கதம்பமும் நாலு வெற்றிலையும்.

வண்டை மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தான். முதுகு பளிச்சென்றானது, ஓரத்துப் பள்ளத்தில் மஞ்சள் அப்படியே இருந்தது. அட்டை முக்கோணத்தில் ஒட்டிக் காயவைத்து, முதல் ஆளாக அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உருப்பெருக்கி வழியாகப் பார்த்தாள்.

“ஏன்டா தம்பி, இது என்னா மஞ்ச பூசிக் குளிச்சிட்டு வந்திருக்கு?”

கிளாட்சன் சிரித்தான். பிறகு பொறுமையாக, வகுப்பெடுக்கிற குரலில் விளக்கினான். “மஞ்சள் இல்லம்மா. இது நிறமி. ஓட்டுக்குள்ளேருந்து தானா வர்ற கலரு. ஒவ்வொரு எனத்துக்கும் ஒரு மாதிரி இருக்கும்.”

“அப்டியா,” என்றாள் செபஸ்தியம்மாள். “படிச்சவன் சொன்னா சரிதான்.” போய் உலையில் அரிசி போட்டாள்.

வண்டு இனத்தைப் பிரித்தறிய ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பை எடுத்துப் பார்க்க வேண்டும். அரை மில்லிமீட்டர் இருக்கும் அதை எடுத்து, காரக் கரைசலில் ஊறவைத்து, நூறு மடங்கு பெரிதாக்கி வரைய வேண்டும். கிளாட்சன் வரைந்து மேசை மேல் வைத்திருந்த படத்தை ஒரு தடவை தங்கை எல்சியின் மாமனார் எடுத்துப் பார்த்து, “அவரக்காயாப்பா?” என்று கேட்டார். “ஆமாங்க மாமா,” என்று சொல்லிவிட்டான். மரியாதைக்குரிய மனிதரிடம் வேறென்ன சொல்வது?

அந்தப் படம் ஏற்கெனவே தெரிந்த ஒரு சாதாரண இனத்தின் படத்தை அப்படியே உரித்து வைத்திருந்தது. கட்டுரையில் “ஏறக்குறைய ஒத்துள்ளது” என்று எழுதினான். ஆனால் அந்த வேலையின்போதுதான் அதிசயம் நடந்தது. காரக் கரைசலில் ஒரு சொட்டு இறக்கை ஓரத்தில் பட்டது. மஞ்சள் கோடு கண்ணெதிரே இரத்தச் சிவப்பானது. கிளாட்சனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டாவது வண்டிலும் ஒரு சொட்டு விட்டான். அதுவும் சிவந்தது. மூன்றாவதை மட்டும் தொடவில்லை. முழு அழகோடு ஒன்றாவது உலகத்துக்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டான். அன்றிரவு சாப்பிடக்கூட இல்லை. மறுநாள் எழுதினான்: “காரத்தில் விளிம்பு சிவக்கும் இப்பண்பு இக்குலத்தில் இதுவரை பதிவாகாதது.”

வழிகாட்டிப் பேராசிரியர் வாஞ்சிநாதன் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “பிரமாதம்யா!” என்றார். கட்டுரையைப் பார்த்த வெளிநாட்டு நிபுணர், இந்தச் சிவப்பாகும் பண்பைத் தனி ஆய்வாகவே செய்யலாம் என்று எழுதியிருந்தார். அவர் ஊரில் ஆரத்தி எடுப்பதில்லை.

புது இனத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை அதை விவரிப்பவனுக்கு. கிளாட்சன் அம்மா பெயரை வைத்தான். பெண் பெயரென்றால் லத்தீன் விதிப்படி கடைசியில் ஒரு ‘ஏ’ சேரும் என்று சொல்லி, முழுப் பெயரையும் வாசித்துக் காட்டினான். “செபஸ்தியம்மாளே-ன்னா? யாரோ வாசல்ல நின்னு கூப்புடுற மாதிரில்ல இருக்கு,” என்றாள் அவள். ஆனால் அன்றைக்கு நடவில் வரப்பு மேல் உட்கார்ந்து சோறு தின்னும்போது பத்துப் பேரிடம் சொல்லிவிட்டாள். அவள் பெயர் அதுவரை ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும்தான் ஏறியிருந்தது, இரண்டிலும் எழுத்துப்பிழையோடு.

கட்டுரை தை மாதம் ஏற்கப்பட்டது. இது அச்சாகி வந்தால்தான் பங்குனிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும்; இல்லாவிட்டால் ஆறு வருஷம் ஏழாகும். செய்தி ஊருக்குத் தெரிந்த மூன்றாம் நாள் பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். “உலகமே வியக்கும் புதிய வண்டு கண்ட எங்கள் மண்ணின் மைந்தரே!” கோட்டுப் போட்ட உடம்பில் கிளாட்சனின் தலை. பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு வண்டு, கொம்போடு. நாலரை மில்லிமீட்டர் வண்டு பார்க்க நன்றாக இல்லை என்று அச்சுக்கடைக்காரர் வேறொன்றைப் போட்டுவிட்டார். அது தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு. தென்னந்தோப்பு வைத்திருக்கும் ரெத்தினம் பைக்கை மறித்து நிறுத்திவிட்டார்.

“தம்பி, இத நீதான் கண்டுபுடிச்சியா?”

“இல்லண்ணே, அது வேற…”

“ஏற்கெனவே நாப்பது மரம் போச்சு. இன்னும் புதுசா எதுக்குப்பா கண்டுபுடிக்கிற?”

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த எல்சிக்குப் பெண் குழந்தை பிறந்து, அன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறாள். சம்பந்தி வீட்டாரும் கூட வருகிறார்கள். அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டதால், கிளாட்சன் மூன்று வண்டுகளும் இருந்த பெட்டியைக் கல்லூரியிலிருந்து கொண்டுவந்து பீரோ மேல் வைத்திருந்தான். முதல் நாள்தான் அச்சுப்படி மின்னஞ்சலில் வந்திருந்தது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எழுத்துப்பிழை பார்த்துத் திருப்பி அனுப்பினால் முடிந்தது.

ஆட்டோ வாசலுக்கு வந்தது. “இருடி, இருடி, எறங்காத,” என்று கத்திக்கொண்டே ஈஸ்வரி தட்டோடு ஓடிவந்தாள். தட்டில் மஞ்சள் தண்ணீர். “செபஸ்தி, சுண்ணாம்பு போடலடி!” செபஸ்தியம்மாள் சின்ன டப்பாவிலிருந்து கிள்ளிப் போட்டு விரலால் கலக்கினாள்.

கையில் ஃப்ளாஸ்க்கும் குழந்தைத் துணிப்பையுமாகப் பக்கத்தில் நின்ற கிளாட்சன் பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் தண்ணீர் அம்மா விரலைச் சுற்றி ஒரு வளையமாகச் சிவந்து, தட்டு முழுக்கப் பரவியது.

அவனும் நூறு ஆரத்தி பார்த்தவன்தான். பட்டம் வாங்கி வந்த அன்று அவனுக்கே எடுத்தார்கள். ஆனால் அவன் பார்த்ததெல்லாம் சிவந்து முடிந்த தட்டு. சிவக்கிற நிமிஷத்தில் ஆம்பிளைகள் வாசலில் மாலையோடு நிற்கிறார்கள். பெண்கள் அடுப்படியில் கலக்குகிறார்கள். ‘மஞ்சள் ஒரு நிறங்காட்டி’ என்று பிளஸ் டூ வேதியியலில் இரண்டு மார்க் கேள்விக்கு எழுதி முழு மார்க்கும் வாங்கியிருக்கிறான். அந்த மஞ்சள்தான் அடுப்படி டப்பாவில் இருக்கும் மஞ்சள் என்று புத்தகத்தில் போட்டிருக்கவில்லை.

“அம்மா, இது எப்டிச் செவப்பாச்சு?”

ஈஸ்வரி தட்டோடு திரும்பிப் பார்த்தாள். “அடியே, ஒம்புள்ள கேக்குறதப் பாரு!”

“ஏன்டா, அவ்ளோ படிச்சவனே, மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா செவக்காம பச்சையாவா ஆவும்?” என்றாள் செபஸ்தியம்மாள். ஆட்டோவுக்குள் எல்சி சிரித்து, தையல் இழுத்து, “ஐயோ, சிரிக்க வைக்காதீங்க,” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கிளாட்சன் மட்டும் ஃப்ளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

அடுத்த சோதனை வீட்டுக்குள் இருந்தது. எல்சியின் மாமனார் ஜோசப்ராஜ் காபி குடித்து முடித்ததும், “எங்கப்பா, சம்பந்தியம்மா பேரு வச்ச பூச்சி?” என்றார். கிளாட்சன் பெட்டியை இறக்கினான். மூன்றாவது வண்டு, ஊசியில் குத்திய அட்டை முக்கோணத்தின் நுனியில், பொன் ஓரத்தோடு மின்னியது. அதன் கீழே ஊசியில் கோத்த சிவப்பு லேபிள். இந்த ஒரு வண்டைப் பார்த்துத்தான் இந்தப் பெயர் வைக்கப்பட்டது என்று பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லும் லேபிள் அது. ஜோசப்ராஜ் வெகுநேரம் பார்த்தார். “தங்க பார்டர் போட்டாப்ல இருக்கே! கடவுள் படைப்பு…” என்றார். கிளாட்சனுக்கு அந்தப் படைப்பில் கடவுளோடு ஈஸ்வரி அக்காவுக்கும் பங்கிருப்பது தெரிந்துவிட்டது. “இப்போதைக்கு அப்டித்தான் மாமா,” என்றான்.

அவர்கள் கிளம்பிப் போனதும் கொல்லைப் பக்கத் திண்டில் பெட்டியோடு உட்கார்ந்தான். குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த காது பட்ஸில் ஒன்று. அஸார் கடைப் பாட்டில். முதல் வண்டின் ஓரத்தில் தொட்டு இழுத்தான். பட்ஸில் சிவப்பும் மஞ்சளுமாக ஏறியது. வண்டு பழுப்பானது. இரண்டாவதும் அப்படியே. இரண்டையும் மறுபடி புத்தகத்திலிருந்த அட்டவணைப்படி பார்த்தான். ஐந்தே நிமிஷத்தில் பெயர் கிடைத்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே பெயர் வைக்கப்பட்ட வண்டு. நாட்டில் எந்தக் குட்டையில் கையை விட்டாலும் விரலில் ஏறும் வண்டு. அவனே அதை நூறு தடவை பிடித்து, “ச்சே, இதுதானா” என்று தண்ணீரில் திரும்ப விட்டிருக்கிறான்.

பேராசிரியருக்கு போன் போட்டான். “சார், அந்த விளிம்பு… மஞ்சள் சார்.”

“மஞ்சள்தானேப்பா. அதானே நம்ம பாயின்ட்டே.”

“இல்ல சார். மஞ்சள். கொழம்புக்குப் போடுற மஞ்சள்.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார். “மூணாவதத் தொட்டியா?”

“இல்ல சார்.”

“தொடாத.” குரலைத் தாழ்த்தினார். “அதப் பெட்டியில போட்டு மியூசியத்துல குடுத்துட்டா, இன்னும் நூறு வருஷத்துக்கு யாரும் தொறந்து பாக்கப்போறதில்ல கிளாட்சன். பங்குனில நீ தீஸிஸ் குடுத்துடலாம். நான் சொல்றேன்னு இல்ல. யோசிச்சுப் பாரு.”

போனுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி பர்வதம், “யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்பது கேட்டது. அவர் ஏதோ சொன்னார். அடுத்த நொடி அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு போனைத் தாண்டிக் கொல்லைவரை வந்தது. “சுண்ணாம்புத் தண்ணி பட்டா செவக்காதா? இதுக்கா ரெண்டு வருஷமா பிரமாதம் பிரமாதம்னு குதிச்சேள்?”

பேராசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “என் பொண்ணு கல்யாணத்துல ஏழு தட்டு எடுத்தாங்கப்பா. முன்னாடி நின்னு போட்டோ புடிச்சவன் நான்,” என்றார். “கட்டுரையில முதல் பேரு உன்னது. நீயே முடிவு பண்ணு.”

கிளாட்சன் மூன்றாவது வண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனதில் அப்போது பெரிய தர்ம விசாரம் எதுவும் ஓடவில்லை. வேண்டுமானால் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அவனே மறுக்கிறான். ஃப்ளெக்ஸை யார் அவிழ்ப்பது என்றுதான் யோசித்தானாம். அப்புறம், இத்தனை நாளாகப் படித்தது எதற்கு என்று. அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரே பார்வையில் சொன்னதை மறுப்பதற்காகவா?

செபஸ்தியம்மாள் குழந்தைத் துணியை அலசிக்கொண்டு வந்தாள். “என்னடா பண்ற?”

சொன்னான். எல்லாவற்றையும், ஆடிப் பதினெட்டிலிருந்து. அவள் துணியை உதறிக் கொடியில் போட்டபடியே கேட்டாள்.

“நான் அப்பவே மஞ்சன்னு சொன்னேன்ல?”

“சொன்ன.”

“நீ என்னமோ சொன்ன.”

“நிறமின்னு சொன்னேன்.”

“ம்.” இன்னொரு துணி. “எம்பேரு வச்சது எது?”

மூன்றாவதைக் காட்டினான். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிட்டத்தில் வந்து பார்த்தாள். இந்த முறை உருப்பெருக்கி கேட்கவில்லை.

“அதையும் தொடச்சிடு,” என்றாள். “அழுக்கோட எம்பேரு எதுக்கு.”

துடைத்தான். அன்றே, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்வுப் பத்திரிகைக்கு எழுதினான், ஏழு வரி. காரணம் என்ற இடத்தில், ஆரத்தி என்பதை அந்த மொழியில் எப்படி விளக்குவது என்று தெரியாமல், “எங்கள் ஊரில் குழந்தை பிறந்தால் செய்யும் ஒரு சடங்கின்போது உண்மை தெரியவந்தது” என்று போட்டான். ஆசிரியர் வருத்தத்தோடு ஏற்றுக்கொண்டார். குழந்தைக்கு வாழ்த்தும் சொல்லியிருந்தார்.

ஃப்ளெக்ஸை யாரும் அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரம் காலம் தப்பிய மழை வந்தது. கொள்முதலுக்குக் களத்தில் கொட்டியிருந்த நெல்லை மூட ஆளாளுக்குத் தார்ப்பாய் தேடியபோது, ரெத்தினம் அதை அறுத்துக்கொண்டு போய் அவர் அம்பாரத்தின்மேல் விரித்தார். கிளாட்சன் அந்தப் பக்கம் போனபோது, கோட்டுப் போட்ட அவன் நெஞ்சில் நாலு செங்கல் வைத்திருந்தார்கள். “தம்பி, ஒன் வண்டு இப்பத்தான் ஒரு வேலைக்கு ஆச்சு,” என்றார் ரெத்தினம். “சொட்டுக்கூட எறங்கல.” தன் ஆராய்ச்சிக்குக் கிடைத்த ஒரே நேர்மையான மதிப்பீடு இதுதான் என்று கிளாட்சன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ஆய்வேடு ஏழாவது வருஷத்துக்குப் போய்விட்டது. இப்போது எந்த வண்டு கிடைத்தாலும் முதலில் அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்து, விரலைப் பார்த்துவிட்டுத்தான் வண்டைப் பார்க்கிறான். படித்துறையில் பெண்கள் அவனைக் கண்டால், “கிளாட்சா, நாங்க குளிச்சிட்டுப் போயிடுறோம், அப்புறமா வந்து கண்டுபுடி,” என்கிறார்கள். அஸார் பாட்டிலோடு ஒரு மஞ்சள் பாக்கெட்டையும் சேர்த்துப் பொட்டலம் கட்டுகிறான். “காம்போ ஆஃபர் மாப்ள.”

வண்டுப் பெட்டி மறுபடியும் கல்லூரிக்குப் போக வேண்டும். அதற்கு முன் பாக்கி ஒரு வேலை. இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. ஊசியில் ஏறிய லேபிளை, அது எத்தனை பெரிய தப்பாக இருந்தாலும், யாரும் கழற்றக் கூடாது. தப்பைக் கண்டவர் சரியான அடையாளத்தை இன்னொரு துண்டில் எழுதி, அடையாளம் கண்டவர் பெயரையும் போட்டு, அதன் கீழே குத்திவைக்க வேண்டும்.

கிளாட்சன் திண்டில் உட்கார்ந்து, நகத்தளவு வெள்ளை அட்டையில் மிக மெல்லிய பேனாவால் எழுதுகிறான். முதல் வரியில் அந்தப் பழைய, சாதாரண வண்டின் பெயர். இரண்டாம் வரியில் ‘விளிம்பு: மஞ்சள் தூள், ஆடி 18’. மூன்றாம் வரியில், அடையாளம் கண்டவர் என்று போட்டு, நிறுத்துகிறான்.

“அம்மா, ஒன் இனிஷியல் என்னா?”

“எனக்கேதுடா இனிஷியல்?” என்கிறாள் அடுப்படியிலிருந்து. “எதுக்கு?”

செபஸ்தியம்மாள் என்று எழுத்து எழுத்தாக எழுதி முடித்து, மை காய ஊதி, சிவப்பு லேபிளுக்குக் கீழே ஊசியின் நுனியை அந்த அட்டையில் நேராக வைத்து அழுத்துகிறான்.